பள்ளியில் எடை பார்க்கலாமா? ஓர் ஆசிரியையின் கேள்விக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கேள்வி: நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சுமார் நானூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். வருடா வருடம் எல்லோருக்கும் உயரமும் எடையும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. போன வருடம் நான் எடையைப் படித்துச் சொல்லச் சொல்ல, ஒரு மாணவன் எழுதிக்கொண்டே வந்தான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் எடையைக் கேட்டதும் வரிசையே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து விளையாட்டு வகுப்பு என்றாலே அவள் வயிற்று வலி என்கிறாள். மதியச் சாப்பாட்டைப் பாதி கூடத் தொடுவதில்லை என்று அவளுடைய தோழி சொன்னாள். இந்த வருடம் ரத்த அழுத்தமும், விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது நிர்வாகம். பருமனான பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் தனியாகக் கேட்கிறது. பிள்ளைகளின் எடை கூடிக்கொண்டே போவது எனக்கும் கண்ணில் படுகிறது, கவலையாகவும் இருக்கிறது. ஆனால் இதைச் செய்வதா வேண்டாமா, செய்தால் எப்படிச் செய்வது என்று புரியவில்லை.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அந்த மாணவிக்காகப் படித்தேன். அவளைப் பற்றிக் கடைசியில் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் எழுதும் எல்லாமும் அவளை மனதில் வைத்து எழுதியதுதான்.

முதலில் நேரான பதில்: பார்க்கலாம். ஆனால் பார்த்த பிறகு என்ன செய்வது என்று முடிவாகும் வரை எடை மெஷினை வெளியே எடுக்காதீர்கள். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர், நோய் அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடிப் போவதற்கான விதிகளை எழுதினார்கள். இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் அவற்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். தேடுவது முக்கியமான பிரச்சினையாக இருக்க வேண்டும், கண்டுபிடித்தவர்களுக்குக் கொடுக்க ஒரு சிகிச்சை இருக்க வேண்டும், அந்தச் சிகிச்சைக்குப் போக வழியும் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பள்ளிகளில் முதல் விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

முக்கியமான பிரச்சினைதான், அதில் சந்தேகம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்குள் 39 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள் அதிக எடையோடு இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேர் பருமன் என்ற நிலைக்கே போயிருந்தார்கள். இந்த வயதினரில் பருமன் உள்ளவர்கள் 1990இல் நூற்றுக்கு 2 பேர்; 2022இல் 8 பேர். வளரிளம் பருவத்தில் பருமனாக இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் வளர்ந்த பிறகும் அப்படியே இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சீக்கிரம் கவனித்தால் நல்லது என்று நீங்கள் நினைப்பது சரி.

ஆனால் இதே ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வளர்ந்த பிறகு பருமனாக இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிறு வயதில் பருமனாக இருந்ததே இல்லை. உங்கள் பட்டியலில் பெயர் வராத பிள்ளைகளில் பலருக்கும் நாளைக்கு இதே பிரச்சினை வரும் என்று அர்த்தம். பருமனான பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஓடவிட்டால் போதும் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

எடை பார்த்துப் பெற்றோருக்குத் தகவல் அனுப்பினால் பிள்ளைகளின் எடை குறையுமா? இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் கிட்டத்தட்ட 29,000 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. சில பள்ளிகளில் எடை பார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்பினார்கள், சில பள்ளிகளில் பார்த்ததோடு சரி, மற்ற பள்ளிகளில் பார்க்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அறிக்கை போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் எந்த முன்னேற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மீது இருந்த அதிருப்திதான் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் எதுவும் மாறாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

சிங்கப்பூரின் அனுபவத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் நிர்வாகம் கேட்கும் பட்டியல் போய் நிற்கும் இடம் அதுதான். அங்கே 1992இல் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதிக எடை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் உடற்பயிற்சி. பருமன் விகிதம் குறையவும் செய்தது. ஆனால் மற்றவர்கள் இடைவேளையில் விளையாடும்போது இவர்கள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். திட்டத்தின் பெயர்ச்சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேலியும் மனக்காயமும் பற்றிய புகார்களுக்குப் பிறகு 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான உடல்நலத் திட்டத்துக்கு மாறினார்கள்.

இங்கிலாந்தில் 2005-06இலிருந்து 4-5 வயதிலும் 10-11 வயதிலும் பள்ளியில் உயரமும் எடையும் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. முடிவைப் பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ சொல்வதில்லை, பெற்றோருக்குத்தான் போகிறது. இதை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அளவெடுக்கும் நாளுக்கு வருவோம். போன வருடம் நடந்ததற்குக் காரணம் அந்தப் பிள்ளைகளின் மனசு கெட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. வரிசை, சத்தமாகப் படிப்பது, எழுதுவதற்கு ஒரு மாணவன், இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பள்ளியிலும் சிரிப்பு வரும். ஆகவே அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். கதவு உள்ள ஓர் அறை வேண்டும். உள்ளே ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும். அடுத்த பிள்ளை காத்திருக்கும் இடத்திலிருந்து மெஷின் தெரியக் கூடாது. எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நீங்களோ இன்னொரு பெரியவரோ எழுதுங்கள். முடிந்தால் எண் தெரியும் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அல்லது பிள்ளையை மெஷினில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். எத்தனை என்று கேட்டால், "உன் வீட்டுக்குக் கடிதம் வரும், அம்மா அப்பாவோடு சேர்ந்து பார்" என்றால் போதும். "பரவாயில்லையே", "கொஞ்சம் குறைக்கணும்", "ஒல்லிக்குச்சி" போன்ற எந்தச் சொல்லும் வேண்டாம். பாராட்டும் வேண்டாம். ஒரு பிள்ளையைப் பாராட்டினால் வெளியே நிற்கும் பிள்ளை தன்னை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். அன்றைக்கு நிற்க மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள்.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். மெஷினைக் கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துக் காலையிலேயே சரிபாருங்கள். காலணி, கனமான மேல்சட்டை, பையில் இருக்கும் சாமான் எல்லாம் வெளியே. உயரம் பார்க்கும்போது குதிகால், பின்புறம், தோள் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க வேண்டும். உயரக் கட்டிய கொண்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை பாருங்கள். பிறந்த தேதியைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள், வயதை மாதக் கணக்கில் குறியுங்கள். இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், அதன் கணக்கில் கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறோம். 43 கிலோ எடையும் 140 செ.மீ. உயரமும் உள்ள பிள்ளையின் பிஎம்ஐ 21.9. உயரத்தைத் தவறுதலாக 138 செ.மீ. என்று எழுதினால் அதுவே 22.6 ஆகிவிடும்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் நான் பார்த்த பள்ளி அறிக்கைகளில் பெரிய தவறு நடக்கிறது. பெரியவர்களுக்கான அட்டவணையை எடுத்து, 25க்குக் கீழ் என்றால் சரி, மேலே என்றால் அதிகம் என்று போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. வயதுக்கும் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் ஏற்ப எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் பருமன். 15 வயதுப் பையனுக்கு இதே எல்லைகள் 22.7, 27.0. பிஎம்ஐ 22 உள்ள இரண்டு பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 10 வயதுக்காரனை மருத்துவர் பார்க்க வேண்டும், 15 வயதுக்காரனுக்கு எந்தக் குறையும் இல்லை. பெரியவர்களின் அட்டவணையில் இருவருமே 'சரி' என்ற கட்டத்தில் விழுவார்கள், கவனிக்க வேண்டிய பிள்ளை தவறிப்போவான்.

அப்புறம், ஓர் அளவைவிட இரண்டு அளவுகள் அதிகம் பேசும். ஒரு பிள்ளை மூன்று வருடமாக வளர்ச்சி வரைபடத்தின் ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. எல்லைக்குள்ளேயே இருந்தாலும் ஒரே வருடத்தில் கோடுகளைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் கவலைப்படுவேன். கீழே இறங்கியிருந்தாலும் அப்படித்தான். உங்கள் பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருடா வருடம் எழுதி மூடி வைத்த அந்த எண்களை ஒரு பிள்ளைக்கு ஒரு வரைபடமாகச் சேர்த்தால், அதைப் பார்க்கும் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பிஎம்ஐ கொழுப்பை அளப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். தசை அதிகம் உள்ள பிள்ளைக்கும் எண் கூடும். சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தெற்காசிய மரபில் வந்தவர்களுக்கு, எண் குறைவாக இருக்கும்போதே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருக்கும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதனால்தான். இதைப் பள்ளியில் செய்ய வேண்டாம் என்பது என் ஆலோசனை. சட்டையைத் தூக்கி, கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப் வைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிர்வாகம் கேட்கும் மற்ற இரண்டையும் பார்ப்போம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பருமனான பிள்ளைகளில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போன பிறகும், கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுவதால் சர்க்கரை அளவு வருடக்கணக்கில் சரியாகவே இருக்கும். எண் சரியாக வந்ததும் வீட்டில் நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதி தவறானது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் குத்தினால் ஒன்றும் இல்லாத பிள்ளைக்குக்கூட எண் கூடி வந்து வீடே பயந்துபோகும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வரிசையாகக் குத்தும்போது ஊசியைச் சரியாக மாற்றாமல் விட்டால் தொற்று பரவும் ஆபத்தும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை தேவைதான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பருமன் உள்ள, 10 வயது நிறைந்த பிள்ளைக்குச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி மூன்றும் பார்க்க வேண்டும். அதை ஒரு மருத்துவர், பிள்ளையின் உடம்பைப் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்ட பிறகு செய்ய வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பிள்ளைகளுக்கும் அது கூடும், கூடினாலும் வெளியே தெரியாது. ஆனால் பயிற்சி பெற்ற செவிலியர் பார்க்க வேண்டும். பிள்ளை ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மைதானத்திலிருந்து ஓடி வந்ததும் பார்த்தால் எல்லோருக்கும் கூடித்தான் இருக்கும். கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்குப் பொருந்த வேண்டும், அதன் உள்ளே இருக்கும் காற்றுப் பை மேற்கையின் சுற்றளவில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கைச் சுற்றி வர வேண்டும். இங்கேதான் பருமனான பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கிறது. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். நான் மருத்துவராகப் பணியைத் தொடங்கிய காலத்தில் ஒரு பையனுக்கு அப்படி அளந்துவிட்டு, அவன் அம்மாவிடம் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்துச் சரியான பட்டையில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் அந்த அம்மா தூங்கவில்லை. 13 வயது வரை இதற்கும் வயது, உயரம், பாலினம் பார்த்து எல்லை மாறும். 13 ஆனதும் 120/80க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நாள் கூடியிருந்தால் அது நோய் ஆகாது. மூன்று தனித்தனி நாட்களில் கூடியிருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று சொல்வோம். இவ்வளவும் முடியாது என்றால் பள்ளியில் பார்க்காமல் விடுவதே மேல்.

மெஷின் காட்டாத பல விஷயங்கள் உங்கள் கண்ணில் படும். வாரத்துக்குச் சில மணி நேரம் பிள்ளைகள் ஓடுவதையும் குனிவதையும் மூச்சு வாங்குவதையும் பார்க்கிறவர் நீங்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. எடை கூடிக்கொண்டே போகிறது, ஆனால் வகுப்பில் எல்லோரும் வளர ஒரு பிள்ளை மட்டும் உயரம் கூடாமல் நிற்கிறது என்றால் தாமதிக்காமல் அனுப்புங்கள். அதிகம் சாப்பிட்டுப் பருமனாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள். உயரம் நின்றுபோனால் தைராய்டு போன்ற சுரப்பிகளில் கோளாறு இருக்கலாம். பருமனான பிள்ளை இடுப்பு வலி, தொடை வலி, முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால் சாக்கு என்று நினைத்து ஓட வைக்காதீர்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி இடம் நழுவும் ஒரு நோய் இந்த வயதில் வரும்; வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பது இவை சேர்ந்து வந்தால் அதுவும் அன்றே. முதல் பாட வேளையிலேயே தூங்கி வழியும், காலையில் தலைவலி என்று சொல்லும் பிள்ளை இரவில் குறட்டை விடுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிள்ளைகள் நிறையப் பேர் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும். இன்சுலின் அளவு கூடியிருப்பதைத் தோல் இப்படிக் காட்டுகிறது. ஒழுங்காகக் குளிக்கவில்லை என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கி, தோல் புண்ணாகும் வரை தேய்த்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது அழுக்கு கிடையாது, தேய்த்தால் போகாது. யாரையும் வரிசையில் நிறுத்திக் கழுத்தைப் பார்க்க வேண்டாம். தற்செயலாகக் கண்ணில் பட்டால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். அழுக்கு என்று யாராவது பேசினால் தடுத்து நிறுத்துங்கள்.

வீட்டுக்குப் போகும் கடிதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும், ஒரே மாதிரி உறையில், ஒட்டி. மெலிந்த பிள்ளைகளையும் இதே அளவுகள் காட்டிக்கொடுக்கும் என்பதால் எல்லோருக்கும் அனுப்புவதில் பொருள் இருக்கிறது. சிவப்பு மை, 'அபாயம்', 'தோல்வி' போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். இப்படி எழுதலாம்: "உங்கள் பிள்ளையின் உயரமும் எடையும் இவை. இந்த வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட எடை கூடுதலாக இருப்பதாக இது காட்டுகிறது. இந்த ஓர் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிள்ளையை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், இந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். பிள்ளையைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எடையைப் பற்றிப் பிறர் முன்னால் பேசாதீர்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே தட்டில் பாதியைக் குறைக்கும் வீடுகள் உண்டு.

கடிதம் போவதற்கு முன்பே அவர்கள் எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டும். அருகில் எந்த மருத்துவமனையில் எந்த நாளில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், உணவு ஆலோசகர் இருக்கிறாரா, மன ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரித்துக் கடிதத்திலேயே எழுதுங்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024இல் சொன்னது, பருமன் உள்ள 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, பழக்கி, தொடர்ந்து பார்த்தால்தான் பலன் தெரிகிறது என்பதுதான். ஒரு தடவை அறிவுரை சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அப்படிப் போக எந்த இடமும் இல்லை என்று தெரிந்தால், இந்த வருடம் அளவெடுப்பதைத் தள்ளிவைத்து, அந்த நேரத்தை இடம் தேடுவதில் செலவிடுங்கள் என்று நிர்வாகத்திடம் சொல்வேன்.

பெற்றோர் பயந்து வந்தால் நீங்களே சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்று இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு வளர்ச்சியே பெரிய துணை. முன்பு சொன்ன 140 செ.மீ., 43 கிலோ, பிஎம்ஐ 21.9 உள்ள அந்தப் பிள்ளையை 10 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 5 செ.மீ. வளர்ந்து எடை அதே 43இல் நின்றால் பிஎம்ஐ 20.5க்கு வந்துவிடும். 11 வயதில் பருமனின் எல்லை 22.5. ஒரு கிலோகூடக் குறையாமல் அவன் அந்த எல்லையை விட்டு வெளியே வந்துவிட்டான். எல்லோருக்கும் இப்படி நடக்காது. எடை மிகவும் கூடிய பிள்ளைகளுக்கும் வளர்ச்சி முடியப்போகிறவர்களுக்கும் வேறு சிகிச்சைகள் தேவைப்படும், மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் பட்டினி யாருக்கும் தேவையில்லை.

தூக்கம், தாகத்துக்கு என்ன குடிக்கிறோம், திரை முன்னால் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாற்ற வேண்டியவை. பிள்ளைக்குத் தண்ணீரும் மற்றவர்களுக்கு இனிப்புப் பானமும் என்று ஒரு வீட்டில் நடக்காது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். பரம்பரை, தாயின் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், பிள்ளை சாப்பிடும் ஸ்டீராய்டு, வலிப்பு மருந்துகள் சில, வீட்டில் இருக்கும் மன அழுத்தம், நல்ல சாப்பாடு வாங்க முடியாத நிலை என்று பிள்ளையின் கையில் இல்லாத காரணங்கள் இன்னும் எவ்வளவோ உண்டு. ஆகவே பேராசை, சோம்பல் என்ற சொற்கள் பள்ளியில் எங்கேயும் வரக் கூடாது.

உங்கள் கையில் இருப்பது விளையாட்டு வகுப்பு. ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். தண்டனையாக யாரையும் ஓட விடாதீர்கள். ஓடுவது தண்டனை என்று பதிந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நிற்கும். அணி பிரிக்கும்போது பிள்ளைகளே ஆள் எடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளை யார் என்று உங்களுக்கே தெரியும். தள்ளுவது, தூக்குவது, எறிவது, நீந்துவது போன்றவற்றில் கனமான பிள்ளைகள் பலர் நன்றாகவே செய்வார்கள். ஓட்டப் பந்தயம் மட்டும்தான் விளையாட்டு என்று வைத்தால் அவர்களுக்கு ஜெயிக்க ஒரு நாள்கூடக் கிடைக்காது.

பெயர்ப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் பார்த்தோம், எத்தனை பேரை மருத்துவரிடம் போகச் சொன்னோம், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கை கொடுங்கள். நிர்வாகத்துக்குத் தேவையான தகவல் அவ்வளவுதான். மூன்றாவது எண்ணை ஆறு மாதம் கழித்து நீங்களே கேட்டுப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் அளவெடுத்த வேலை பாதியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி அந்த மாணவி. எடையைவிட எனக்கு இப்போது பயமாக இருப்பது அவள் சாப்பாட்டைப் பாதியில் வைப்பதுதான். பருமனான பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள், யாரும் கவலைப்பட மாட்டார்கள். உணவோடு உள்ள உறவு கெட்டுப்போகும் நோய்கள் பல இப்படித்தான் யாரும் கவனிக்காமல் தொடங்குகின்றன. இந்த வாரமே அவள் பெற்றோரை வரச் சொல்லிப் பேசுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மதியம் பாதி விடுகிறாள், விளையாட வருவதில்லை, எப்போதிலிருந்து என்பதையும் சொல்லுங்கள். மயக்கம், சாப்பிட்ட உடனே கழிப்பறைக்குப் போவது, எடை வேகமாக இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. எடைக்காக இல்லை, சாப்பாட்டை விடுவதற்காக என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு அவளிடம் தனியாகப் பேசுங்கள். "அன்றைக்கு உன் எடையை எல்லோரும் கேட்கும்படி நான் படித்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. இனி யாருக்கும் அப்படி நடக்காது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எடை, சாப்பாடு, உடற்பயிற்சி எதையும் அந்தப் பேச்சில் கொண்டுவராதீர்கள். சிரித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு அவள் முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்கவும் வேண்டாம், மறுபடியும் எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். விளையாட்டு வகுப்புக்கு எப்படி வரப் பிடிக்கும் என்று இன்னொரு நாள் கேளுங்கள். ஸ்கோர் எழுதுகிறேன் என்றால் எழுதட்டும், ஒரு தோழியோடு மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன் என்றால் நடக்கட்டும்.

இந்த வருடம் அளவெடுக்கும் நாளில் அவள் வர விரும்பவில்லை என்றால் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தைக் காலியாக விடுங்கள். காரணம் என்ற இடத்திலும் எதுவும் எழுத வேண்டாம்.